விமானம் மாறும், எண் தொடரும்

2024 அக்டோபர் முதல் வாரத்தில் மயிலாப்பூர், மந்தைவெளி, சாந்தோம், அடையாறு மொட்டை மாடிகளில் எல்லாம் ஆள் நின்றது. மெரினாவில் 6ஆம் தேதி நடக்கவிருந்த விமானப்படை சாகசத்துக்கான ஒத்திகை அப்போது நடந்துகொண்டிருந்தது. வானத்தைக் கிழிக்கிற மாதிரி ஓர் உறுமல் கேட்கும். காது காட்டிய திசையில் நிமிர்ந்து பார்த்தால் அங்கே ஒன்றும் இருக்காது. "அதோ, அதோ" என்று பக்கத்து மாடிக் குழந்தை வேறு எங்கோ கையை நீட்டும். பெரியவர்கள் திரும்புவதற்குள் அந்தக் கறுப்புப் புள்ளியும் கடல் பக்கம் மறைந்துவிடும்.

குழந்தை ஜெயித்ததற்குக் காரணம், அது காதை நம்பாமல் கண்ணை நம்பியதுதான். சென்னையின் 30 டிகிரி வெப்பத்தில் ஒலி நொடிக்குச் சுமார் 350 மீட்டர் ஓடும். மணிக்கு 900 கிலோமீட்டரில் பறக்கும் போர் விமானம் நொடிக்கு 250 மீட்டர் போகும். சாந்தோம் தேவாலயத்தின் வாசலில் ஒருவர் நிற்கிறார், அவர் தலைக்கு நேர் மேலே ஒரு கிலோமீட்டர் உயரத்தில் விமானம் வடக்கு நோக்கிப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த இடத்தில் கிளம்பிய ஓசை அவர் காதுக்கு இறங்கி வர ஏறத்தாழ மூன்று நொடி ஆகும். அதற்குள் விமானம் 700 மீட்டர் கடந்து, மெரினா கலங்கரை விளக்கத்துக்கு மேலே போயிருக்கும். அவர் கேட்பது, விமானம் மூன்று நொடிக்கு முன்பு இருந்த இடத்தின் ஓசை.

இன்னும் வேகமாக, ஒலியையே மிஞ்சிப் போனால் அதிர்வுகள் ஒன்றன்மேல் ஒன்று குவிந்து ஒரே அடியாகத் தரையில் விழும். 2020 மே 20 அன்று பெங்களூரு நகரமே என்னவோ ஏதோ என்று பதறியது அப்படிப்பட்ட ஓசையைக் கேட்டுத்தான். அது விமானப்படையின் சோதனைப் பறப்பு என்று பிற்பாடு தெரியவந்தது. மக்கள் கூடும் சாகச நிகழ்ச்சிகளில் அதனால்தான் ஒலியின் வேகத்துக்குக் கீழேயே பறக்கிறார்கள்.

மாடியில் நின்றவர்கள் கண்ட இன்னொரு விந்தையும் உண்டு. விமானம் சட்டென்று வளைந்து திரும்பும்போது அதன் இறக்கையின் முதுகில் வெள்ளையாக ஒரு மேகம் பூத்து, அடுத்த கணமே கலையும். பலர் அதைப் புகை என்று நினைத்தார்கள். வளையும்போது இறக்கையின் மேற்புறத்தில் காற்றழுத்தம் திடீரென விழுகிறது. அழுத்தம் குறைந்த காற்று விரிந்து குளிர்கிறது. அதிலிருக்கும் ஈரம் துளிகளாக மாறிக் கண்ணுக்குத் தெரிகிறது. ராஜஸ்தானின் வறண்ட வானில் இதைப் பார்ப்பது அரிது. அக்டோபர் மாதக் கடற்கரைக் காற்றின் புழுக்கத்தை நாம் எவ்வளவு சபித்தாலும், அந்த வெள்ளை மேகத்தை வரைந்தது அந்தப் புழுக்கம்தான்.

நிகழ்ச்சி நாளன்று லட்சக்கணக்கானோர் கடற்கரையில் திரண்டார்கள். பறக்கும் ரயில் நிலையங்களில் கால் வைக்க இடமில்லை. ரஃபேல், சுகோய், தேஜஸ், மிராஜ் என்று எழுபதுக்கும் மேற்பட்ட விமானங்கள் வந்தன. அன்று ஐந்து பேர் இறந்துபோனார்கள். நூற்றுக்கணக்கானோர் வெயிலில் மயங்கி விழுந்து மருத்துவமனைகளுக்குப் போனார்கள். அந்த நாளைப் பற்றி எழுதும் எவரும் இதைத் தாண்டிப் போகக்கூடாது. வானத்தைப் பார்க்க வந்த கூட்டத்துக்கு நிழலும் குடிநீரும் வீடு திரும்ப வழியும் வேண்டும். அவையும் நிகழ்ச்சியின் பகுதிதான்.

அன்று கூட்டம் பார்த்தது விமானங்களை. விமானப்படை தன்னை எண்ணிக்கொள்வதோ விமானங்களால் அல்ல, படைப்பிரிவுகளால். ஸ்குவாட்ரன் என்று அவர்கள் சொல்வது இதைத்தான். போர் விமானப் படைப்பிரிவு ஒன்றில் பொதுவாக 18 விமானங்கள் இருக்கும்: 16 சண்டைக்கு, 2 பயிற்சிக்கு. அவற்றை ஓட்டும் சில பத்து விமானிகளைப் போலப் பல மடங்கு ஆட்கள் தரையில் இருக்கிறார்கள். எஞ்சினுக்கு ஒரு குழு, உடற்பகுதிக்கு ஒரு குழு, மின்னணுக் கருவிகளுக்கு, ஆயுதங்களுக்கு, வெளியேறும் இருக்கைக்கு என்று தனித்தனிக் கைகள். ஒவ்வொரு பறப்புக்கும் முன்னால் 'ஃபார்ம் 700' என்ற பதிவேட்டில், விமானம் பறக்கத் தகுதியாக இருக்கிறது என்று தொழில்நுட்பப் பணியாளர்கள் கையெழுத்திடுவார்கள். அதைப் படித்துப் பார்த்து விமானியும் கையெழுத்திட்ட பிறகுதான் ஏணியில் ஏறுவார். தன் உயிரை இன்னொருவரின் கையெழுத்தின் மேல் வைத்துவிட்டு ஏறும் அந்தக் கணம் எனக்கு எந்தச் சாகசத்தையும்விடப் பெரிதாகத் தெரிகிறது.

இந்தத் தரைப் பணியாளர்களுக்கும் சென்னைக்கும் பழைய உறவு உண்டு. தாம்பரம் விமானப்படைத் தளத்தில் இயந்திரப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. விமானம் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர்களுக்கே கற்றுக்கொடுக்கும் பயிற்றுநர் பள்ளியும் 1954 முதல் அங்கேதான். தாம்பரத்தில் போர் விமானப் படைப்பிரிவு கிடையாது. ஆனால் நாட்டின் பல படைப்பிரிவுகளில் ஸ்பேனர் பிடிக்கும் கைகளும், இளம் விமானிகளுக்குப் பின் இருக்கையிலிருந்து வழி சொல்லும் குரல்களும் அங்கே பழகியவை.

தமிழ்நாட்டில் போர் விமானப் படைப்பிரிவுகள் இருக்கும் தளங்கள் இரண்டு. கோவைக்குப் பக்கத்தில் சூலூர். காவிரிக் கழிமுகத்தில் தஞ்சாவூர். மயிலாப்பூரிலிருந்து நேர்கோட்டில் அளந்தால் தஞ்சாவூர் சுமார் 280 கிலோமீட்டர், சூலூர் சுமார் 400. மணிக்கு 900 கிலோமீட்டரில் பறந்தால் முதலாவது 20 நிமிடத்துக்குள், இரண்டாவது அரைமணிக்குள். அடையாறு சிக்னலிலிருந்து தி.நகர் போய்ச் சேர்வதற்குள் என்று சென்னைவாசிகள் கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

சூலூரில் இருக்கும் 45ஆம் படைப்பிரிவின் கதையைக் கேட்டால் எண்ணுக்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்பது புரியும். 'பறக்கும் குத்துவாள்கள்' என்பது அதன் பட்டப்பெயர். 1959இல் வேம்பயர் விமானங்களோடு தொடங்கியது. 1965 செப்டம்பர் 1 அன்று சம்ப் பகுதியில் பாகிஸ்தான் டாங்கிகள் முன்னேறியபோது முதலில் அனுப்பப்பட்டவற்றில் இந்தப் பழைய வேம்பயர்களும் இருந்தன. அவற்றில் சில திரும்பி வரவில்லை. பிறகு மிக்-21 வந்தது. 1999 ஆகஸ்டில் கட்ச் பகுதியில் பாகிஸ்தான் கடற்படையின் அட்லாண்டிக் ரோந்து விமானத்தைச் சுட்டு வீழ்த்தியதும் இதே எண்ணைச் சேர்ந்த மிக்-21தான். 2002இல் படைப்பிரிவு மூடப்பட்டது. பதினான்கு ஆண்டு கழித்து 2016 ஜூலை 1 அன்று, தேஜஸ் விமானத்தோடு அதே எண் பெங்களூரில் மீண்டும் எழுந்தது. இரண்டே ஆண்டில் சூலூருக்கு வந்தது.

இப்படி விமானம் பழசாகி, ஆட்கள் வேறு இடம் போனாலும் எண்ணை அழிக்காமல் எடுத்து வைப்பதற்கு 'நம்பர் பிளேட்' செய்வது என்று விமானப்படையில் பெயர். சின்னம், பட்டப்பெயர், பதக்கங்கள், இறந்தவர்களின் பட்டியல் எல்லாமே எண்ணோடு உறங்கும். புதிய விமானம் வரும்போது எண் விழித்துக்கொள்ளும். நேற்றுதான் தொழிற்சாலையிலிருந்து வந்த விமானத்தில் ஏறும் இளைஞருக்கு அரை நூற்றாண்டு மூதாதையர்கள் வாய்த்துவிடுகிறார்கள்.

18ஆம் படைப்பிரிவை எடுத்துக்கொள்ளுங்கள். 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகர் தளத்தின் மேல் பாகிஸ்தானின் ஆறு சேபர் விமானங்கள் குண்டு போட்டுக்கொண்டிருந்தபோது, நாட் என்ற சிறிய விமானத்தில் அந்த ஓடுபாதையிலிருந்தே எழும்பிப் போரிட்டு மடிந்தார் நிர்மல்ஜித் சிங் சேகோன். இந்திய விமானப்படைக்குக் கிடைத்த ஒரே பரம்வீர் சக்ரா அவருடையது. அவருடைய படைப்பிரிவு 2016இல் மிக்-27 விமானங்களோடு ஓய்வுக்குப் போனது. 2020இல் தேஜஸ் விமானங்களோடு அது மறுபடி உயிர்பெற்ற இடம் சூலூர். தேஜஸ் ஓட்டும் முதல் பெண் விமானியாக 2024இல் மோகனா சிங் சேர்ந்ததும் இந்த 18இல்தான்.

எண்ணுக்கு இப்படி உயிர் கொடுக்கும் வழக்கம் பிரிட்டிஷ் விமானப்படையிடமிருந்து வந்தது. அங்கே சென்னையின் பெயரும் பதிந்திருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் மதராஸ் மாகாணத்தில் திரட்டிய நன்கொடைக்காக 79, 234, 264 ஆகிய மூன்று பிரிட்டிஷ் படைப்பிரிவுகள் 'மதராஸ் மாகாணம்' என்ற பெயரைச் சுமந்து பறந்தன. இங்கிலாந்து வானத்துக்குக் காசு கொடுத்த அதே நகரம் 1942 ஏப்ரலில் தன் வானத்தை நினைத்து நடுங்கியது. ஜப்பானின் விமானந்தாங்கிக் கப்பல்கள் வங்காள விரிகுடாவுக்குள் வந்து, கொழும்பையும் திருகோணமலையையும் விசாகப்பட்டினத்தையும் தாக்கின. மயிலாப்பூர், திருவல்லிக்கேணி வீடுகள் பூட்டப்பட்டன. ஜனம் மூட்டை கட்டிக்கொண்டு கிராமங்களுக்குப் போனது. கூண்டு உடைந்தால் ஆபத்து என்று மிருகக்காட்சிசாலையின் கொடிய விலங்குகளைச் சுட்டுக் கொன்றார்கள். கடைசியில் 1943 அக்டோபரில் ஒற்றை ஜப்பானிய விமானம் வந்து சில குண்டுகளைப் போட்டுவிட்டுப் போனது. நகரம் தப்பியது. ஆனால் கிழக்குக் கடல் வெறும் கடலல்ல, ஒரு வாசல் என்பதை அந்தத் தலைமுறை நேராகக் கண்டுகொண்டது.

அந்தக் காலத்து நினைவு இன்னும் கான்கிரீட்டாகக் கிடக்கும் இடம் தஞ்சாவூர். அங்கே ஓடுபாதை 1940இல் உலகப் போருக்காகப் போடப்பட்டது. பிறகு நெடுங்காலம் அதை அதிகம் பேர் கவனிக்கவில்லை. 2013 மே மாதம் முழுமையான விமானப்படைத் தளமாகத் திறக்கப்பட்டது. 2020 ஜனவரி 20 அன்று 222ஆம் படைப்பிரிவு, 'புலிச்சுறாக்கள்', சுகோய்-30 விமானங்களோடு அங்கே குடியேறியது. இதுவும் உறங்கி எழுந்த எண்தான். 1969இல் சுகோய்-7 விமானங்களோடு பிறந்தது. தென்னிந்தியாவில் சுகோய்-30 நிலைகொண்டது இதுவே முதல் முறை.

ஏன் தஞ்சாவூர் என்பதற்கு வரைபடமே பதில் சொல்லும். இலங்கையின் தென்கோடியான தேவேந்திரமுனை அங்கிருந்து நேர்கோட்டில் 600 கிலோமீட்டருக்கும் குறைவு. அந்த முனையை ஒட்டித்தான் வளைகுடா நாடுகளின் எண்ணெயும் கிழக்காசியாவின் சரக்கும் போகும் கப்பல் பாதை ஓடுகிறது. கிழக்கே போர்ட் பிளேர் சுமார் 1,500 கிலோமீட்டர். சுகோய்-30 இரட்டை எஞ்சின் விமானம். தன் வயிற்றுக்குள் ஒன்பது டன்னுக்கு மேல் எரிபொருள் சுமக்கும். நிரப்பாமலேயே ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர் பறக்கும். வானிலேயே நிரப்பிக்கொண்டால் இன்னும் தூரம். அதன் அடிவயிற்றில் இரண்டரை டன் எடையுள்ள பிரம்மோஸ் ஏவுகணை ஒன்று தொங்கும். ஒலியைப் போல மூன்று மடங்கை நெருங்கும் வேகம், நொடிக்குக் கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர். இவ்வளவு கனமான ஒன்றைத் தாங்க விமானத்தின் உடலையே பலப்படுத்த வேண்டியிருந்தது. 2017 நவம்பர் 22 அன்று வங்காள விரிகுடாவின் மேல் முதல் முறையாக அதை ஏவிப் பார்த்தார்கள்.

தேஜஸ் இதற்கு நேர் எதிர். நீளம் 13 மீட்டர், ஒற்றை எஞ்சின், உள்ளே சுமார் இரண்டரை டன் எரிபொருள். ஆனால் அறிவியலாகப் பார்த்தால் எனக்கு அதன் மேல்தான் ஆசை அதிகம். காரணம், அது தானாகப் பறக்கத் தெரியாத விமானம்.

பயணிகள் விமானத்தின் மூக்கைக் காற்று சற்றுத் தூக்கிவிட்டால் அது தானாகவே பழைய நிலைக்கு வரப் பார்க்கும். அப்படித்தான் வடிவமைப்பார்கள். சண்டை விமானத்துக்கு அந்தக் குணம் இடைஞ்சல். திரும்பச் சொன்னால் உடனே திரும்ப வேண்டுமே தவிர, பழைய நிலையை நினைத்து முரண்டு பிடிக்கக்கூடாது. அதனால் தேஜஸை வேண்டுமென்றே நிலையற்றதாகச் செய்தார்கள். உள்ளங்கையில் நிமிர்த்தி வைத்த நீண்ட கம்பு போல, விட்டால் சாய்ந்துவிடும். சாயவிடாமல் காப்பது கணினி. நான்கு தனித்தனி வழிகளில் வரும் கணக்கை ஒப்பிட்டு, இறக்கையின் பின்விளிம்பில் இருக்கும் மடல்களை ஓயாமல் மேலும் கீழும் அசைத்துக்கொண்டே இருக்கும். ஒரு வழி பழுதானாலும் மற்றவை காப்பாற்றும். கைப்பிடியை அசைக்கும்போது விமானி நேராக மடல்களை அசைப்பதில்லை. "எனக்கு இப்படித் திரும்ப வேண்டும்" என்று கணினியிடம் சொல்வதுதான் அது.

இந்தக் கட்டுப்பாட்டு விதிகளை எழுதுவதுதான் மிகக் கடினமான வேலை. அதற்காக அமெரிக்காவில் இருந்த இந்தியக் குழு, 1998 பொக்ரான் சோதனைக்குப் பிறகு வந்த தடையால் வெளியேற வேண்டியதாயிற்று. கோட்டா ஹரிநாராயணாவின் தலைமையில் இயங்கிய திட்டம் அதோடு முடிந்தது என்று நினைத்தவர்கள் உண்டு. பெங்களூரில் நம் விஞ்ஞானிகள் அந்த விதிகளைத் தாமே எழுதி முடித்தார்கள். 2001 ஜனவரி 4 அன்று ராஜீவ் கோத்தியால் முதல் தேஜஸை வானில் ஏற்றி இறக்கினார். பிடிக்கிற கை கொஞ்சம் தவறினாலும் சாய்ந்துவிடும் ஒன்றை, பிறர் கதவைச் சாத்திய பிறகு, சொந்தக் கணக்கை மட்டும் நம்பிப் பறக்கவிட்டார்கள். இந்த நாட்டின் அறிவியல் வரலாற்றில் இதற்குரிய இடம் இன்னும் நம் பள்ளிப் பாடங்களில் கிடைக்கவில்லை.

தேஜஸின் உடலில் சென்னையும் இருக்கிறது. எஞ்சினிலிருந்து சக்தியை எடுத்து மின்னாக்கிகளுக்கும் ஹைட்ராலிக் பம்புகளுக்கும் பிரித்துக் கொடுக்கும் கியர் பெட்டியை உருவாக்கியது ஆவடியில் உள்ள போர் ஊர்தி ஆராய்ச்சி நிறுவனம். டாங்கிகளுக்குப் பெயர்பெற்ற இடம் அது. எஞ்சினையும் அந்தப் பெட்டியையும் இணைக்கும் சுழல்தண்டையும் அங்கேயே வடிவமைத்தார்கள்; 2023 மார்ச்சில் அது முதன்முதலாக ஒரு தேஜஸில் பறந்தது.

விமானத்தைக் கணினி காக்கும். விமானியின் உடலை யார் காப்பது? நம் இதயத்திலிருந்து மூளை ஓரடி உயரத்தில் இருக்கிறது. சாதாரணமாக நிற்கும்போது அந்த ஓரடிக்கு ரத்தத்தை ஏற்ற, ரத்த அழுத்தத்தில் 20க்குச் சற்று மேல் அலகுகள் செலவாகின்றன. தேஜஸ் புவியீர்ப்பைப் போல எட்டு மடங்கு விசையோடு வளைய முடியும். அப்போது அதே ஓரடிக்கு 180 அலகுகள் வேண்டும். ஆரோக்கியமான இதயம் தருவதோ 120. கணக்கு இடிக்கிறது. ரத்தம் கால்களில் தேங்கும், முதலில் நிறங்கள் மங்கும், பிறகு பார்வை போகும், பிறகு நினைவு. இதைத் தடுக்க விமானியின் இடுப்பையும் கால்களையும் சுற்றியுள்ள உடையில் காற்று நிரம்பி இறுக்கும். அவரும் தொடை, வயிற்றுத் தசைகளை இறுக்கி, மூச்சை அடக்கி அடக்கி விட வேண்டும். 70 கிலோ மனிதர் அந்த வளைவில் 560 கிலோ கனக்கிறார். தலையைத் திருப்பி எதிரியைத் தேடவும் வேண்டும்.

இந்த விமானி இருக்கைக்காக எட்ட நின்று ஏங்கிய ஒருவரைத் தமிழர்கள் எல்லோருக்கும் தெரியும். குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் படித்த அப்துல் கலாம், விமானியாக விரும்பி டேராடூன் தேர்வுக்குப் போனார். இடங்கள் எட்டு, அவர் ஒன்பதாவது. பிற்காலத்தில் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பின் தலைவராகத் தேஜஸ் திட்டத்தை மேற்பார்த்தார். 2006 ஜூன் 8 அன்று, குடியரசுத் தலைவராக, 74 வயதில், புனேயில் சுகோய்-30இல் ஏறி அமர்ந்து பறந்தார்.

உலகில் எங்கும் படைப்பிரிவின் அன்றாடத்தில் காத்திருத்தலுக்குப் பெரிய இடம் உண்டு. ஆயுதம் பூட்டிய விமானங்கள் ஓடுபாதையின் ஓரத்தில் நிற்க, விமானிகள் உடை மாட்டியபடியே உட்கார்ந்திருப்பார்கள். மணி அடித்தால் சில நிமிடங்களில் வானில் இருக்க வேண்டும். ஜப்பான் இதற்குக் கடுமையான உதாரணம். 2016 நிதியாண்டில் மட்டும் அந்நாட்டு விமானங்கள் 1,168 முறை இப்படி அவசரமாக எழும்பின. ஒரு நாளைக்கு மூன்று தடவைக்கு மேல். ஒகினாவாவின் நஹா தளத்தில் 204 என்ற ஒரே படைப்பிரிவால் சமாளிக்க முடியாமல், 2016 ஜனவரியிலேயே 304ஐயும் அங்கே கொண்டுவந்து சேர்த்தார்கள். 1942இல் நம் கடலுக்குள் வந்த நாட்டின் ஹியாகுரி தளத்தில் 2023 ஜனவரியில் நம் சுகோய்-30 விமானங்கள் இறங்கி, ஜப்பானிய விமானிகளோடு சேர்ந்து பயிற்சி செய்தன.

சூலூர் 2025 நவம்பரில் ஒரு பெரும் துயரத்தைச் சந்தித்தது. 21ஆம் தேதி துபாய் விமானக் கண்காட்சியில் சாகசம் செய்துகொண்டிருந்த தேஜஸ் தரையில் மோதியது. விங் கமாண்டர் நமன்ஷ் சியால் உயிரிழந்தார். 45ஆம் படைப்பிரிவைச் சேர்ந்தவர் அவர். அவருடைய உடல் முதலில் சூலூருக்குத்தான் வந்தது. ஃபார்ம் 700இல் கையெழுத்திடும் கைகள் அணிவகுத்து நின்று அவரைச் சொந்த ஊரான இமாச்சலுக்கு அனுப்பிவைத்தன. 1965 முதல் அந்த எண் சுமக்கும் பட்டியலில் அவர் பெயரும் சேர்ந்தது.

அதற்கு இரண்டு மாதம் முன்பு, செப்டம்பர் 26 அன்று, சண்டிகரில் கடைசி மிக்-21கள் ஓய்வு பெற்றன. விமானப்படைக்கு அனுமதிக்கப்பட்ட படைப்பிரிவுகள் 42; அன்று மாலை கையில் மிஞ்சியவை 29. மிக்-21களோடு 23ஆம் எண்ணும் உறங்கப் போனது. புதிய தேஜஸ் மார்க்-1ஏ விமானங்கள் 2021இல் 83, 2025இல் மேலும் 97 என்று வாங்க ஒப்பந்தமாகியிருக்கின்றன. அமெரிக்காவிலிருந்து வரவேண்டிய எஞ்சின்கள் தாமதமாவதால் வேலை மெல்ல நகர்கிறது. விமானம் வந்து இறங்கியவுடன் படைப்பிரிவு ஆகிவிடாது என்பதும் உண்டு. 2016 ஜூலையில் 45ஆம் எண் மறுபடி எழுந்த அன்று அதனிடம் இருந்தவை இரண்டே இரண்டு தேஜஸ் விமானங்கள். அந்த இரண்டைச் சுற்றி விமானிகளும் பணியாளர்களும் ஒவ்வொருவராகப் பழகி, விமானங்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்து, அது குடியரசுத் தலைவரின் கொடியைப் பெறும் நாள் வருவதற்குள் 2024 மார்ச் ஆகிவிட்டது.